சிலுவைக் கல்

ஜெக்கரியா சார் எருசலேம் பக்கம் வருடக்கணக்கில் மண்ணைத் தோண்டிவிட்டு வந்தவர். பழைய வேதச் சுவடி என்றால் இறையியல் கல்லூரியில் அவர் வைத்ததுதான் சட்டம். அப்பேர்ப்பட்டவர் லீவுக்கு ஒரத்தநாட்டுப் பக்கம் சொந்த ஊருக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்தார். அடுத்தவன் எல்லைக்கல்லைப் பிடுங்குகிறவனுக்குச் சாபம் என்று மேசையைத் தட்டியபோது, சபையே மிராசுதார் சிங்காரவேலுவை நினைத்துப் பூரித்துப்போனது. நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து எடுத்த நிலத்தில் ஒரு துண்டு, கூலிவேலை பார்த்த செவ்வந்திக்குக் கிடைத்திருந்தது. அந்த வயிற்றெரிச்சலில் அவர் அதன் எல்லையை நகர்த்தச் சமயம் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

புதன்கிழமை வயலில் உலாவப் போன சாருக்கு ஒரு கல் தட்டுப்பட்டது. அதன் தலையில் சிலுவை! சோழநாட்டில் ஆயிரம் வருடத்துச் சிலுவை என்றால் சும்மாவா? சவரப் பிரஷ்ஷால் மண்ணைத் துடைத்து, பச்சைப்பிள்ளை போலத் தூக்கிக் காரில் வைத்தார். குழியை மூடுமுன், எருசலேமில் பழகிய வழக்கப்படி, பக்கத்துப் பனைமரத்திலிருந்து தூரத்தை அளந்து குறித்துக்கொண்டு, அந்த வருடத்துக் காசு ஒன்றை உள்ளே போட்டார். பின்னால் வருகிறவனுக்கு ஏற்கெனவே தோண்டிய இடம் என்று தெரிய வேண்டுமாம்.

அன்றைக்கே மழை கொட்டி வயல் முழுகியது. மறுநாள் செவ்வந்தி சார் வீட்டு வாசலில் வந்து அழுதாள். அவள் எல்லைக்கல்லைக் காணோம். சர்வேயர் வந்து நிற்கிறார். மிராசுதார் ஆள் விட்டுப் பத்தடி உள்ளே புதுக்கல் நட்டுவிட்டார். அந்தப் பத்தடியில்தான் வாய்க்கால் மடை இருந்தது. அது போனால் அவள் நெல்லுக்குத் தண்ணீர் இல்லை. சார் வந்து சாபத்தை இன்னொரு தடவை சொன்னால் நல்லது என்றாள்.

“கல்லுல அடையாளம் ஏதும் உண்டாம்மா?”

“தலையில சர்வேக்காரங்க வெட்டுன கூட்டல் குறி இருக்கும் சார்.”

சார் காரில் கிடந்த கல்லைத் திரும்பிப் பார்த்தார். பேசாமல் காரைப் பட்டுக்கோட்டைக்கு விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். அவள் முகத்தைப் பார்த்தபின் மனசு வரவில்லை. கல்லோடு வயலுக்குப் போய், பிடுங்கியது நான்தான் என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

சிங்காரவேலுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “சாபம் யாருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அது கெடக்கட்டும், எங்க புடுங்குனீங்கன்னு யாரு கண்டா?”

சார் காசின் வருடத்தைச் சர்வேயர் காதில் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் முழங்காலிட்டார். பனைமரத்திலிருந்து அளந்து வைத்திருந்த இடத்தில் தோண்டினார். முழங்கை ஆழத்தில் காசு வந்தது. சர்வேயர் கழுவிப் பார்த்துவிட்டு, புதுக்கல்லைப் பிடுங்கிப் பழையதை அங்கேயே நடச் சொன்னார். மிராசுதார் சிரிப்பு நின்றுவிட்டது.

சார் நிம்மதியாகக் காசைச் சட்டைப்பையில் போடப் போனார். செவ்வந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத உள்ளயே போட்டு மூடுங்க சார். நாளைக்கு இன்னொரு படிச்சவரு வருவாரு.”