இரண்டாவது ஓட்டை

வெளிநாட்டுக்காரர்கள் பதினொரு பேர் பத்து நாற்பது ரயிலில் வருகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து என் வீட்டில் ஒரே பாட்டுதான். "என் தம்பிய நீங்கதான் பாத்துக்கணும்." ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பாள் என் மனைவி. அந்தத் தம்பிக்கு வயது நாற்பத்திரண்டு, தலையில் பாதி முடி கிடையாது. அவளுக்குத் தம்பி, எனக்குத் தலைவலி.

ஸ்டாண்டில் அவனுக்குப் பெயர் கொக்கி. ரயிலை விட்டு இறங்குகிற பயணியின் பையை எவன் முதலில் தொடுகிறானோ அவனுக்குத்தான் சவாரி. எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் எழுதாத சட்டம் இது. மச்சினன் கை ஒரு கைப்பிடியில் விழுந்தால் அப்புறம் எடுக்க முடியாது, அதனால்தான் அந்தப் பெயர். உள்ளூர்க்காரன் நாலு வசவு விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்துவிடுவான். வெளிநாட்டுக்காரன் என்ன செய்வான்? முன்பின் தெரியாத ஊரில் பதினெட்டு பேர் ஒரே நேரத்தில் பையைப் பிடித்து இழுத்தால் எனக்கே ஈரக்குலை நடுங்கும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அதுதான் நடந்தது. தோள்பையோடு வந்த ஒரு பெண். எவனோ இழுத்த இழுப்பில் வார் அறுந்து, அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். கூட வந்தவள் அதைப் படம் பிடித்து உலகத்துக்கே காட்டிவிட்டாள். எட்டே நொடிதான் ஓடும். சுற்றுலா கம்பெனி எங்கள் ஊரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டது. ஏரி இருந்த இடத்தில்தான் இருக்கிறது, கோட்டையும் நகரவில்லை. ஆனால் வெள்ளைத் தொப்பிக்காரர்கள் ரயில் ஜன்னல் வழியே எங்களைப் பார்த்துக்கொண்டே அடுத்த ஊருக்குப் போனார்கள். ரெண்டு ஓட்டல்கள் மூடிவிட்டன. ஸ்டாண்டில் நாலு பேர் வண்டியை விற்றார்கள்.

எங்கள் கழுத்தில் தொங்கும் அட்டையில், நிரூபணமான ஒவ்வொரு புகாருக்கும் ஒரு ஓட்டை போடுவார்கள். மூன்று விழுந்தால் அட்டை பறிபோகும். அப்புறம் இந்த ஸ்டேஷன் பக்கமே வண்டியை நிறுத்த முடியாது. கொக்கியின் அட்டையில் ரெண்டு ஓட்டைகள். முதல் ஓட்டை அவன் சம்பாதித்தது. ரெண்டாவது என்னுடையது.

ஆமாம், அந்தப் படத்தில் தெரிகிற கை என் கை. முகம் தெரியவில்லை. காக்கிச் சட்டையின் கையும் மணிக்கட்டில் ஒரு வாட்சும் மட்டும்தான். விசாரணைக்கு வந்த சுற்றுலாத் துறை அதிகாரி "யாரு இது?" என்று கேட்டபோது கூட்டத்திலிருந்து யாரோ "வேற யாரு, கொக்கிதான்" என்றார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். "நான் இல்ல சார்" என்று அவன் ரெண்டு தடவை சொன்னான். சங்கச் செயலாளர் நான், பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் பதவி போயிருக்கும், மானம் போயிருக்கும். அன்று கழற்றி பீரோவில் போட்ட வாட்சை இன்றுவரை கட்டவில்லை. மணி கேட்டால் போனைப் பார்த்துச் சொல்வேன்.

ஒரு வருஷம் கெஞ்சிக் கூத்தாடி அதே கம்பெனியை ஒரு வெள்ளோட்டத்துக்கு அந்த அதிகாரி சம்மதிக்க வைத்திருந்தார். முந்தின நாள் ஸ்டேஷன் வாசலில் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டு எங்களை வரிசையாக நிற்க வைத்தார்.

"மூணே மூணு விஷயம். பையத் தொடக் கூடாது. கூவிக் கூப்பிடக் கூடாது. இந்தக் கோட்டத் தாண்டக் கூடாது. கூட வர்ற வழிகாட்டியம்மா நம்பர் சொல்லிக் கூப்பிடுவாங்க, அவங்க மட்டும் போங்க. இது சரியா நடந்தா வாராவாரம் ஒரு குழு. எவனாவது காலத் தூக்கி அந்தப்பக்கம் வச்சான்னா ஓட்டைதான்."

எல்லோரும் கொக்கியைப் பார்த்தார்கள். அவன் ரெண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, "பாருங்க சார், பூட்டிட்டேன்" என்றான். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரயில் இருபது நிமிஷம் தாமதம். கோட்டுக்குப் பின்னால் பதினெட்டு பேரும் சலவைச் சட்டையில், ஃபோட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றோம். அதிகாரி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமென்று போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கொக்கியை என் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டேன்.

வந்தார்கள். வாசலில் பதினாலு படிகள். பக்கத்தில் நகரும் படிக்கட்டு உண்டு, அதன் குறுக்கே 'பழுது' என்ற பலகை ஆறு மாதமாகத் தொங்குகிறது. கோடு போடத் தெரிந்தவர்களுக்கு அதைச் சரிசெய்யத் தெரியவில்லை. வழிகாட்டியம்மா முன்னால் இறங்கினாள், எங்கள் பாஷைதான் பேசுவாள். பின்னால் ஒவ்வொருவராகத் தங்கள் பெட்டிகளைத் தாங்களே தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். எங்களைப் பார்த்துப் பெட்டியை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். அந்த எட்டு நொடிப் படத்தை அவர்களும் பார்த்திருப்பார்கள் போல.

கடைசியாக ஒரு கிழவர், அவருக்குப் பின்னால் அவர் மனைவி. பீரோ கனத்துக்கு ஒரு சக்கரப் பெட்டி. ஒவ்வொரு படியிலும் டொக், டொக் என்று இறக்கினார். நாலாவது படியில் முகம் வெளிறியது. ஐந்தாவதில் நின்று மூச்சு வாங்கினார். ஆறாவதில் பெட்டி அவரை முந்திக்கொண்டது. அது இழுக்க, அவர் அதை விடமாட்டேன் என்று தொங்க, கால் அந்தரத்தில் போனது.

நாங்கள் நின்றோம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பதினெட்டு பேருக்கும் ஓடிப் போய்ப் பிடிக்கிற தூரம்தான். என் செருப்பு நுனி கோட்டின் மேல் இருந்தது. அதிகாரியின் போன் என் பக்கம் திரும்பியிருந்தது. நான் என் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

கொக்கி பாய்ந்தான்.

அவன் கை எங்கே போகும்? மனிதரைப் பிடிக்க வேண்டியவன் பழக்கத்தில் பெட்டியைப் பிடித்தான். பெட்டியின் கனம் முழுக்க அவன் நெஞ்சில் இறங்கியது, அவனும் ஒரு படி சறுக்கினான். ஆனால் விடவில்லை. கிழவரோ பெட்டியைப் பறிக்கிறான் என்று நினைத்து வெறி பிடித்த மாதிரி தன் பக்கம் இழுத்தார். இழுத்த வேகத்தில் பின்னால் சாய்ந்து படியில் தொப்பென்று உட்கார்ந்தார். அவர் மனைவி அலறினாள். மற்ற ஒன்பது பேரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். ஒருவர் போனை எடுத்தார்.

கிழவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. முன்பக்கம் விழுந்திருந்தால் மண்டை சிதறியிருக்கும். ஆனால் படத்தில் அதுவா தெரியும்? காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் கிழவரின் பெட்டியைப் பிடித்து இழுக்கிறான், கிழவர் விழுகிறார். அவ்வளவுதான் தெரியும்.

அதிகாரி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "இவங்க இப்பவே திரும்பிப் போயிருவாங்க போலிருக்கு. ஒருத்தன் மேல நடவடிக்கை எடுத்துட்டோம்னு உடனே காட்டணும். இதுல செயலாளர் கையெழுத்து வேணும்." அச்சடித்த தாளில் கொக்கியின் நம்பரை எழுதி நீட்டினார். பையைப் பறிக்க முயன்றார், மூன்றாவது குற்றம், அட்டை ரத்து.

"அவன் காப்பாத்தப் போனான் சார்."

"எனக்கும் கண்ணு இருக்கு. ஆனா ஏற்கெனவே ரெண்டு ஓட்டை இருக்கிறவன் காப்பாத்தப் போனான்னு சொன்னா எவன் நம்புவான்?"

திரும்பிப் பார்த்தேன். பதினாறு பேரும் என்னையே பார்த்தார்கள். போடு, போட்டுத் தொலை, பதினொரு பேரும் வண்டி ஏறட்டும் என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், ரெண்டு வருஷமாக எல்லோர் வயிறும் காய்ந்துதான் கிடக்கிறது. கொக்கி படியோரம் நின்று முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன்.

பேனாவை வாங்கினேன். கொக்கியின் நம்பரை அடித்துவிட்டு என் நம்பரை எழுதினேன்.

"என்னய்யா பண்ற?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பொண்ணோட பைய இழுத்தது நான் சார்." எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "அவன் அட்டையில இருக்கிற ரெண்டாவது ஓட்டை என்னுது. அத என் அட்டையில போடுங்க. அப்ப இன்னிக்கு விழுந்தாலும் அவனுக்கு ரெண்டுதான்."

வண்டியை விற்றுவிட்டு இப்போது வாடகை வண்டி ஓட்டுகிறவன் ஒருவன் என் காலடியில் காறித் துப்பினான். நான் நகரவில்லை.

அதிகாரி என் அட்டையை இழுத்து டக்கென்று ஓட்டை போட்டார். தாளைக் கிழித்தார். "அவன் அட்டைல ஏற்கெனவே ரெண்டு இருக்கு. அதுல ஒண்ண இன்னிக்குப் போட்டதா வச்சுக்கறேன்" என்றார். முணுமுணுப்பாகத்தான் சொன்னார், ஆனால் சொன்னார்.

வழிகாட்டியம்மா எங்களிடம் வந்தாள். "கம்பெனிக்கு நான்தான் எழுதணும். பெரியவர் விழப் போனப்ப இத்தன பேர் கையக் கட்டிட்டு வேடிக்கை பாத்தீங்க, ஒருத்தர்தான் வந்தார். அதையும் எழுதுவேன். அடுத்த வாரம் வருவாங்களான்னு என்னக் கேக்காதீங்க, எனக்குத் தெரியாது." பிறகு நம்பர் வாசித்தாள். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. என் நம்பரும் கொக்கியின் நம்பரும் வரவில்லை. கிழவர் வண்டியில் ஏறும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். போகும்போது கொக்கியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அதற்கு என்ன அர்த்தமோ.

வாசல் காலியானது. ரெண்டு பேரும் மஞ்சள் கோட்டின் மேலேயே உட்கார்ந்தோம்.

"மாப்ள, என்ன ரெண்டு அறை அறைஞ்சிருடா" என்றேன். "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ரெண்டு வருஷம்..."

"எனக்குத் தெரியும் மாமா."

"எப்பருந்து?"

"படத்தப் பாத்த அன்னிக்கே. அந்த வாட்ச் எங்கக்கா கல்யாணத்துக்கு நான் உங்களுக்கு வாங்கிக் குடுத்தது." முழங்கைச் சிராய்ப்பை ஊதிக்கொண்டே சொன்னான். "எடுத்துக் கட்டிக்குங்க. பீரோல கிடந்து நின்னு போயிருக்கும்."