முப்பத்திரண்டாவது பலகை

ஒரு மிதிவண்டிச் சக்கரத்தை வைத்துக்கொண்டு மாரத்தான் பாதையை எப்படி அளப்பது என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். முன் சக்கரத்தின் அச்சில், சுற்றுகளை எண்ணும் சின்னக் கருவி ஒன்றை மாட்டுவேன். பிறகு எஃகு நாடாவால் முந்நூறு மீட்டர் அளந்து, அதன்மேல் வண்டியை நான்கு தடவை ஓட்டி, முந்நூறு மீட்டருக்கு எத்தனை சுற்று என்று எழுதிக்கொள்வேன். காலையில் ஒரு முறை, மாலையில் மறுபடியும் ஒரு முறை. வெயில் ஏற ஏற டயருக்குள் காற்று விரியும், சக்கரம் ஒரு மயிரிழை பெரிதாகும். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் போவதற்குள் அந்த மயிரிழை ஒரு வீட்டு வாசல் அகலத்துக்கு வளர்ந்துவிடும். இதை நம்பாதவர்களை என் பழுதுபார்க்கும் கடைக்கு வரச் சொல்லி, செய்தே காட்டியிருக்கிறேன்.

ஒவ்வொரு கிலோமீட்டர் முடிவிலும் சாலையோரத்தில் ஓர் ஆணி அடிப்பேன். ஆணி தார் மீது தனியாகத் தெரியாது என்பதால், பீர் பாட்டில் மூடி ஒன்றைச் சேர்த்து அடிப்பேன். நாற்பத்திரண்டு மூடிகள். அவற்றைச் சேர்ப்பது எங்கள் ஊர் பியெத்ரால்தாவில் சிரமமான வேலை இல்லை. பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தந்த மூடிக்கு நேராக, எண் எழுதிய பலகையை நட்டுவிட்டு வருவேன். அத்தோடு அளப்பவன் வேலை முடிந்தது.

மறுநாள் எனக்கு வேறு வேலை. முதுகில் ஒரு கொடி கட்டிக்கொண்டு ஓட வேண்டும். கொடியில் எட்டு என்று எழுதியிருக்கும். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம். கூட்டத்திலேயே மெதுவான கொடி அதுதான். என் பின்னால் வருபவர்கள் கடிகாரம் பார்க்க வேண்டாம், மூச்சு வாங்க வேண்டாம், பேசிக்கொண்டே வரலாம். ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு விடாமல் சொல்ல முடிகிறதா என்பதுதான் நிதானமான ஓட்டத்துக்குச் சோதனை.

இஸ்மேனியா அக்கா அந்தச் சோதனையில் எப்போதும் தேறுவாள்.

"போன வருஷம் என்னைய அந்த லாரில ஏத்துனாங்களே மாஸ்டர், ரெண்டு கன்னுக்குட்டிக்கு நடுவுல. ஊருக்குள்ள நுழையும்போது பேண்டு வாசிக்கிறான். அந்தக் கன்னுக்குட்டி என் நம்பர் அட்டைய மென்னுக்கிட்டு வருது. ஜனம் கை தட்டுச்சு. எனக்கா, கன்னுக்குட்டிக்கான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

அவள் சதுக்கத்தில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாள். நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருத்தனும் ஒரு வருடமாகக் கண்ணாடியைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தான்: "லாரி எத்தனை மணிக்கு அக்கா?" கையில் கத்தரியை வைத்துக்கொண்டு அதைச் சிரித்தபடி கேட்க வேண்டும். இந்த வருடம் அவளுக்குப் பதக்கம் வேண்டாம், நேரம் வேண்டாம். லாரியில் ஏறாமல், ஓட்டம் முடிகிற சதுக்கத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

விதி இது. காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. முப்பத்திரண்டாவது பலகையைப் பத்து இருபதுக்குள் தாண்டாதவர்களைப் பார்மேனியோவின் மாட்டு லாரி ஏற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு மலைச் சாலையைப் பால் வண்டிகளுக்குத் திறந்துவிட வேண்டும். எட்டு நிமிடக் கணக்கில் நாங்கள் அங்கே பத்து பதினாறுக்குப் போய்ச் சேருவோம். நான்கு நிமிடம் கையில் மிச்சம். அந்த நான்கு நிமிடத்தை நான் அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

நாங்கள் ஐந்து பேர் கிளம்பினோம். நான், அக்கா, கறிக்கடை கில்தார்தோ, உருளைக்கிழங்குக் கிடங்கில் வேலை செய்யும் அக்கா தங்கை இரண்டு பேர். எட்டு பலகைகள் எட்டெட்டு நிமிடத்தில் வந்தன. ஒன்பதாவது ஆறு நிமிடத்தில் வந்தது.

"என்ன மாஸ்டர், பறக்குறீங்க?" என்றான் கில்தார்தோ.

கடிகாரத்தை உதறிப் பார்த்தேன். இன்னொரு கையிலும் ஒரு கடிகாரம் உண்டு. இரண்டும் ஒன்றையே சொல்லின. சரி, நான்தான் வேகமாகப் போய்விட்டேன் போலிருக்கிறது என்று காலைத் தளர்த்தினேன். பத்தாவது பலகை பத்து நிமிடத்துக்குப் பிறகு வந்தது.

அதற்கப்புறம் கொஞ்ச தூரம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு பதினான்காவது வரவே மாட்டேன் என்றது. பதினொரு நிமிடம்! மூன்று நிமிடம் போய்விட்டதே என்று பதறி, கொடி படபடக்க ஓடினேன். தங்கைக்காரி, "இதுதான் எட்டா?" என்று சிரித்தபடி தன் அக்காளை இழுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். இரண்டு பேரும் அப்புறம் கண்ணிலேயே படவில்லை. பதினைந்தாவது பலகை நாலரை நிமிடத்தில் எதிரே வந்து நின்றது.

இருபத்தாறு வருடமாக ஓடுகிறேன். என் கால் எனக்குப் புரியாமல் போனது அன்றைக்குத்தான். மூளைக்கு ரத்தம் குறைந்தால் நேரம் நீண்டு சுருங்கும் என்று எங்கேயோ படித்த ஞாபகம் வந்தது. கில்தார்தோவிடம் ஏழு எட்டு எவ்வளவு என்று கேட்டேன்.

"ஐம்பத்தாறு. ஏன்?"

"ஒண்ணுமில்ல. நான் சரியா இருக்கேனான்னு பாத்தேன்."

"கேட்டது நீங்க, சொன்னது நானு. நான் சரியா இருக்கேன். உங்களப் பத்தி எனக்குத் தெரியாது."

பாதி தூரம் ஆற்றுப் பாலத்தின் நடுவில் வருகிறது. அங்கே பலகை இல்லை. பாலத்தின் தூணிலேயே வண்ணம் அடித்திருக்கிறேன். அந்தக் கோட்டைத் தாண்டும்போது மணி எட்டு நாற்பத்தெட்டு. கணக்குப்படி எத்தனை மணிக்குத் தாண்ட வேண்டுமோ அத்தனை மணி. ஆக, மொத்தத்தில் நான் சரி. துண்டு துண்டாகப் பார்த்தால் பைத்தியம். இது எப்படி என்று யோசித்துக்கொண்டே ஓடியதில், கில்தார்தோ தன் மச்சானின் மோட்டார் சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போனதைக்கூட நான் கவனிக்கவில்லை. அக்காதான் சொன்னாள். அவள் குரல் அப்போது இரண்டு துண்டாக வந்தது. வாக்கியத்தின் நடுவில் மூச்சு. நான் விரட்டியும் நிறுத்தியும் கூட்டி வந்ததன் விலை அவள் கெண்டைக்காலில் ஏறியிருந்தது.

விடை இருபத்தாறில் கிடைத்தது. ஒரு வெறும் வளைவு, சுற்றிலும் கற்றாழை, கீழே தாரில் என் பீர் மூடி பளிச்சென்று மின்னியது. அதற்கு நேராகப் பலகையைக் காணோம். முந்நூறு மீட்டர் தாண்டி, ஒரு வீட்டு வாசலில், தண்ணீர் மேசைக்குப் பக்கத்தில், கழுத்தில் காகிதப் பூமாலையோடு பலகை நின்றது.

"இத யாரு இங்க நட்டது?" என்றேன், வெல்லத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவரிடம்.

"நாங்கதான். அங்க வளைவுல ஒரு ஆளு கெடையாது, மாஸ்டர். தனியா நின்னுக்கிட்டிருந்துச்சு, பாவமா இருந்துச்சு. ஓடி வர்றவங்களுக்கும் பலகையும் தண்ணியும் ஒண்ணா கெடச்சா சந்தோஷம்தானே?"

"எல்லாப் பலகையும் இப்படித்தானா?"

"ஆளு இருக்கிற எடத்துலதானே வெக்க முடியும்? முப்பத்திரண்ட கார்மென் மாதா கோயிலுக்கே தூக்கிட்டுப் போயிட்டாங்களாம். கோயிலப் பாத்துக்கிற டெல்ஃபினா அதுக்குப் பெயிண்டே அடிச்சிருக்காளாம்."

இப்போது எல்லாம் புரிந்தது. ஒரு பலகையை முன்னால் தள்ளினால் அந்தக் கிலோமீட்டர் நீளும், அடுத்தது அதே அளவு குறையும். கூட்டிப் பார்த்தால் மாறாது. அழகான கணக்கு. நேரம் இருந்திருந்தால் ரசித்திருப்பேன். ஆனால் முப்பத்திரண்டாவது மூடியிலிருந்து கார்மென் மாதா கோயில் ஐந்நூறு மீட்டர் மேலே, முழுக்க ஏற்றம். ஐந்நூறு மீட்டர் என்றால் நான்கு நிமிடம். நான் வாக்குக் கொடுத்த அதே நான்கு நிமிடம். நாங்களோ ஏற்கனவே ஒரு நிமிடம் பிந்தியிருந்தோம்.

அக்காவிடம் உடனே சொல்லவில்லை. வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன், அவளால் முடியவில்லை. முப்பத்தொன்றாவது மூடியில் மணி பத்து பத்து. இரண்டு நிமிடம் பின்னால். அங்கே நின்று, முதுகிலிருந்து கொடியை அவிழ்த்து அவள் முதுகில் கட்டினேன்.

"என்ன மாஸ்டர், என்னைய நடு ரோட்டுல விட்டுட்டு நீங்க ஜெயிக்கப் போறீங்களா?"

"பலகைய மேல கொண்டு போயிட்டாங்க அக்கா. நான் போய்ப் பேசுறேன். நீங்க இதே மாதிரி வாங்க. வேகமா வேண்டாம். நிக்கவும் வேண்டாம்."

"எந்தப் பலகை?"

விளக்க நேரமில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை விளக்காமல் ஓடினேன்.

பார்மேனியோ லாரியின் படியில் உட்கார்ந்து, கொய்யாப்பழக் கட்டியைப் பாலாடைக்கட்டியோடு தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் நீலம் அடித்த பலகை. அதற்குப் பின்னால் டெல்ஃபினாவும் அந்த ஊர்ப் பெண்களும் ஆரஞ்சுத் துண்டுகளோடு நின்றார்கள். மணி பத்து பதினெட்டு. எனக்கு அரை வாக்கியம்கூட வரவில்லை.

"இது... முப்பத்திரண்டு இல்ல... கீழ வளைவுல... மூடி இருக்கு..."

"மூச்சு விடு மாஸ்டர். அப்புறம் செத்துட்டா யார் சைக்கிள் ரிப்பேர் பண்றது?"

"உண்மையான முப்பத்திரண்ட அக்கா இந்நேரம் தாண்டியிருப்பாங்க! பலகைய நகத்தியிருக்காங்கய்யா!"

"இங்க பாரு. மூடி, ஆணி, அதெல்லாம் எனக்குத் தெரியாது. பலகை எங்க இருக்கோ அதுதான் முப்பத்திரண்டு. எங்கிட்டக் குடுத்த காகிதத்துல அப்படித்தான் எழுதியிருக்கு."

"பலகை எங்க இருக்கோ அதுவா?"

"அதேதான்."

நான் பலகையைப் பிடுங்கினேன். இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறக்கத்தில் ஓடினேன்.

"ஐயோ, மாதா பலகை!" என்று டெல்ஃபினா பின்னால் ஓடி வந்தாள். அவள் பின்னால் ஆரஞ்சுத் தட்டோடு இன்னும் இரண்டு பெண்கள், ஒரு நாய். பார்மேனியோ லாரியைக் கிளப்பி அவர்கள் பின்னால் வந்தான். என்ன நடக்கிறது என்று அங்கே யாருக்காவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். நாய்க்கு மட்டும் தெரிந்த மாதிரி இருந்தது. அது எனக்கு முன்னால் ஓடியது.

யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே கொடி தெரிந்தது. அக்கா தலையைக் குனிந்து, அதே எட்டு நிமிட நடையில், ஏறி வந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து நின்றுவிடப் போனாள்.

"நிக்காதீங்க! தாண்டுங்க! என்னையத் தாண்டுங்க!"

"மாஸ்டர், என்ன இது? போன வருஷம் லாரி வந்துச்சு. இந்த வருஷம் பலகையே வருதா?"

தாண்டினாள். இரண்டு கடிகாரத்தையும் பார்த்தேன். பத்து பத்தொன்பது, நாற்பது நொடி. பார்மேனியோ சன்னலில் தலையை நீட்டித் தன் கைபேசியைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், காகிதத்தைப் பார்த்தான்.

"எழுதியிருக்கிறபடி சரியாத்தான் இருக்கு," என்றான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை, சந்தேகம்தான் இருந்தது.

அக்காவின் பின்னால் போகலாம் என்று காலை எடுத்து வைத்தேன். தொடை இரண்டும் கயிறு முறுக்கியது போல இழுத்துக்கொள்ள, சாலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான்கு மணி நேரம் நிதானமாக ஓடிய தசையிடம் திடீரென்று வேகம் கேட்டால் அது இப்படித்தான் பதில் சொல்லும். அதன் காரணத்தை என்னால் அரை மணி நேரம் விளக்க முடியும். ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை. டெல்ஃபினா ஒரு கையால் பலகையைப் பிடுங்கிக்கொண்டு, மறு கையால் என் வாயில் ஆரஞ்சுத் துண்டைத் திணித்தாள். பார்மேனியோ லாரியின் பின்கதவைத் திறந்தான்.

மீதிப் பத்துக் கிலோமீட்டரையும் நான் வைக்கோல் மீது உட்கார்ந்து, கம்பியின் இடுக்கு வழியாக, முன்னால் போகிற கொடியைப் பார்த்தபடியே வந்தேன். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பலகைக்குப் பலகை கணக்கெடுத்தால் ஆறு நிமிடம், பத்து, ஒன்பது, ஏழு. என் மூடிகளைக் கண்ணால் தேடி, மூடிக்கு மூடி கணக்கெடுத்தேன். எட்டு. எட்டேகால். எட்டு. எட்டு. அவள் கையில் கடிகாரமே கிடையாது.

பதினொன்று நாற்பத்தொன்றுக்குச் சதுக்கத்தில் நுழைந்தாள். பேண்டு வாசித்தது. பின்னால் லாரி. ஜனம் கை தட்டிக்கொண்டே கம்பிகளுக்குள் எட்டிப் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை முடி வெட்டிக்கொள்ளப் போனேன். கடையில் நான்கு பேர் காத்திருந்தார்கள். துணியைக் கழுத்தில் சுற்றிக் கட்டியதும் கேட்டுவிட்டேன்.

"அக்கா, கடிகாரம் இல்லாம எட்டு எட்டா எப்படி ஓடுனீங்க? பலகையெல்லாம் தப்பா இருந்துச்சே?"

"பலகையா? நான் எங்க பலகையப் பாத்தேன்? நீங்க கொடியக் கட்டி விடுற வரைக்கும் உங்க முதுகத்தான் பாத்தேன். அதுதான் ஒரு நேரம் ஓடுது, ஒரு நேரம் நிக்குது. அப்புறம் முதுகு போயிருச்சு. நிம்மதியா ஓடுனேன்."

இதை எந்தக் கருவியால் அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வருடம் ஆணியை ஆள் இருக்கிற இடத்தில் அடிப்பதா, ஆளை ஆணி இருக்கிற இடத்துக்கு வரச் சொல்வதா என்பதும் தெரியவில்லை. தலையை நிமிர்த்தி அதைக் கேட்கப் போனேன். அக்கா பின்கழுத்தில் கையை வைத்து அழுத்திக் குனிய வைத்தாள். கண்ணாடியில் அவள் மற்ற நான்கு பேரையும் ஒரு பார்வை பார்ப்பது தெரிந்தது.

"அது சரி," என்றாள், கத்தரியை இரண்டு தடவை காற்றில் வெட்டி. "லாரி எத்தனை மணிக்கு மாஸ்டர்?"