ஏழாவது படலையில் ஒரு பேரம்

பூங்காவின் வாசலில் ஒரு பலகை நின்றது. ஒரு மைல் நடை, ஏற்ற இறக்கம் இல்லை, வயதானவர்களுக்கும் ஏற்றது, நாற்பது வகைப் பறவைகள், முதலைகளுக்கு உணவு போட வேண்டாம் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள். தமிழில் மட்டும் எழுத்துப் பிழை இரண்டு. பலகை எழுதியவனின் கூலியைப் பேசிக் குறைத்திருப்பார்கள், அவன் எழுத்தைக் குறைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

அது 2010ஆம் ஆண்டு மாசி மாதம். சண்டை முடிந்து ஒரு வருசம் ஆகவில்லை. மட்டக்களப்புச் செட்டிபாளையத்துக்கு அங்கால் வாவிக்கரையில், சுனாமிக்கு முன்பு பதினொரு வீடுகள் இருந்த துண்டு நிலம் அது. வீடுகளைக் கடல் எடுத்தது. திரும்பக் கட்ட வேண்டாம் என்று அரசாங்கம் சொன்னது. ஐந்து வருசம் கண்ணா மரங்கள் தண்ணீருக்குள் வேரூன்றி வளர்ந்து எல்லாவற்றையும் மூடின. பிறகு ஒரு நிறுவனம் வந்து நடைபாதை போட்டு, பறவை பார்க்கப் பரண் கட்டி, இயற்கைப் பூங்கா என்று பெயரும் வைத்தது.

நான் பறவை பார்க்கப் போகவில்லை. நான் ஓட்டமாவடி முஸ்லிம் மீன் வியாபாரி, அண்ணன் முறைக்கு என்னைக் காக்கா என்பார்கள். கொக்கும் நானும் ஒரே வாவியில் ஒரே சரக்கை எடுக்கிறவர்கள், அது பேரம் பேசுவதில்லை என்பதுதான் வித்தியாசம். நான் போனது யாக்கோப்பு அண்ணனைக் கூட்டிவர. இருபது வருசமாக எனக்கு இறால் தந்த மனிதர். இப்போது அந்தப் பூங்காவுக்குக் காவலும் அவர்தான், வழிகாட்டியும் அவர்தான். அவருடைய மனைவி மக்டலின் அந்த மார்கழிக் காலையில் வீட்டோடு போனவர். உடல் கிடைக்கவில்லை.

அவர்களுடைய ஒரே மகள் டினோஷா மட்டக்களப்பு ரவுனில் இருக்கிறாள். ஏழு மாதக் கர்ப்பிணி. முதல் நாள்தான் போன் எடுத்து அழுதாள்.

"மூண்டாம் தரமும் அப்பாவ நெஞ்சளவு தண்ணிக்குள்ள இரிந்து இழுத்துக்கிட்டு வந்திருக்காங்க, காக்கா. நான் கூப்பிட்டா வாறார் இல்ல. நீங்க ஆரயும் கதைச்சு மடக்கிற ஆள். இந்த முறை நீங்க கூட்டிக்கிட்டு வராட்டி, அடுத்த முறை நான் சவப்பெட்டியோடதான் போகணும்."

"நாளைக்குப் பின்னேரம் உன்ட வாப்பா உன்ட ஊட்டுக் கதிரயில குந்தியிரிப்பார். எழுதி வச்சுக்க" என்றேன். சரக்கைப் பார்க்காமல் விலை சொன்ன முதல் தடவை அதுதான்.

காலை எட்டு மணிக்கு யாக்கோப்பு அண்ணன் பாதை சுற்றப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். கண்கள் மட்டும் நன்றாக நித்திரை கொண்டவரின் கண்கள்.

"வாங்க காக்கா! மீன விட்டுட்டுக் குருவி யாபாரத்துக்கு வந்திட்டீங்களா?"

"பறக்கிற சரக்குக்கு ஐஸ் தேவையில்லயே அண்ணன்."

சிரித்தார். நடந்தோம். நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப் போட்டிருந்தன. கபரகொய்யா உடும்பு ஒன்று பாதையைக் கடந்து, அவசரமில்லாத கடன்காரனைப் போல எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. எல்லாம் நல்ல காட்சிதான்.

நூறு அடி போனதும் அவர் நின்றார். கையைத் தட்டினார்.

"வீட்டுக்காரர்! கடந்து போறம்!"

எதிரே கண்ணாப் பற்றையும் சேறும்தான். வீடு இல்லை, வேலி இல்லை, வேலியில் திறக்கும் படலை இல்லை. அவர் கொஞ்சம் பொறுத்து, தலையை ஆட்டிவிட்டு நடந்தார். இன்னொரு நாற்பது அடியில் மறுபடியும் நின்று கை தட்டினார்.

"என்ன அண்ணன் இது?"

"மனிசர்ர வீட்டு வளவுக்குள்ளால பாதயப் போட்டிட்டாங்க. படலயில நிண்டு ஒரு சத்தம் குடுக்காம நம்மட ஆக்கள் ஆர்ர வளவுக்குள்ளயும் போறதா, காக்கா? கொழும்பால வாற ஆக்கள் நான் குருவிய எழுப்புறன் எண்டு நினைக்காங்க. நல்ல கையாம், பாராட்டுறாங்க."

"ஆள் இருந்தா சத்தம் குடுக்கலாம். இது வெறும் வளவு."

"என்னப் பாக்காதீங்க. கொக்கப் பாருங்க."

மூன்றாவது படலை இருந்த இடத்தில் அவர் கூப்பிட்டபோது நான் கொக்கைப் பார்த்தேன். தண்ணீர் ஓரமாக ஏழெட்டு வெள்ளைக் கொக்குகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. அவர் குரல் கேட்டதும் ஒன்றுகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. எல்லாத் தலைகளும் வளவின் உட்பக்கம் திரும்பின. பிறகு, ஆகத் தூரத்தில் நின்றது மெல்ல எழும்பி ஆறடி தள்ளி இறங்கியது. அடுத்தது எழும்பி வழி விட்டது. அதற்கடுத்தது. வீட்டுக்குள் இருந்து ஒருவர் முற்றம் தாண்டிப் படலைக்கு வந்தால் கோழிகள் எப்படி விலகுமோ, அப்படி.

கடைசிக் கொக்கு எங்களுக்கு இரண்டடியில் விலகியது. அந்த இடத்தில் யாரும் இல்லை.

"ஓம், சுகம்தான். போயிட்டு வாறம்" என்றார் யாக்கோப்பு அண்ணன் அந்த இடத்தைப் பார்த்து.

காற்றுக்கு எழும்பியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்று இல்லை. நாலாவது, ஐந்தாவது, ஆறாவது படலைகளில் நான் கொக்கைப் பார்க்கவில்லை, என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

ஏழாவது அவருடைய வளவு. பின்பாதியை வாவி தின்றுவிட்டது. அங்கே அவர் கை தட்டவில்லை.

"மக்டலின், நான்தான்" என்றார்.

கொக்குகள் எழும்பிய வேகத்தில் தெரிந்தது, இந்த வீட்டிலிருந்து வருகிறவர் நடந்து வரவில்லை, ஓடி வருகிறார் என்று. கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த முதலை ஒன்று வாயை மூடி, பின்வாங்கி, வழி விட்டுத் தண்ணீருக்குள் இறங்கியது. முதலை யாருக்கும் வழி விட்டு நான் பார்த்ததில்லை.

யாக்கோப்பு அண்ணன் பாதையை விட்டு இறங்கினார். கணுக்கால். முழங்கால். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"எங்க போறீங்க?"

"தேத்தண்ணி ஊத்தி வச்சிருப்பாள், காக்கா. ஒரு மிடறு குடிச்சிட்டு வாறன்."

"டினோஷாவுக்கு என்ன சொல்ல?"

"ஆருக்கு?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரம் அவருக்கு மகள் இல்லை.

அவர் என்னை இழுக்கவில்லை, அதுதான் பயம். ஐம்பத்தெட்டு வயது மெலிந்த மனிதர் சும்மா நடந்தார், எழுபத்தைந்து கிலோ நான் அவருக்குப் பின்னால் சேற்றில் வழுக்கிக்கொண்டு போனேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அவருடைய மற்றக் கை முன்னால் நீண்டிருந்தது, யாரோ பிடித்திருப்பது போல விரல்கள் மூடியிருந்தன.

பலத்தால் முடியாது என்று தெரிந்தால் வியாபாரிக்கு மிஞ்சுவது வாய்தான்.

"மக்டலினக்கா!" என்றேன். "மஜீட். ஓட்டமாவடி மஜீட். ஒரு கதை இரிக்கு."

நின்றார். நாங்கள் இருவரும் நின்றோம்.

பேரத்தில் ஒரு முறை உண்டு, என் வாப்பா கடைத்தெருவில் கற்றது, நான் அவரிடம் கற்றது. முதலில் கேட்கும்போது முழுவதையும் கேட்க வேண்டும். கொடுப்பதைச் சொல்லும்போது நடக்க முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் மற்றவர் வெட்டுவார், நாம் இழுப்போம், நடுவில் எங்கேயாவது வந்து நிற்போம். முதல் சொல்லை யாரும் எடுப்பதில்லை. எடுக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அதைச் சொல்வதே.

"இவரை விட்டிடுங்க. உங்கட புள்ளக்கு வேணும். பாதி வேணாம் அக்கா, பாதி தந்தா மத்தப் பாதி இங்கதான் திரும்பி வரும். முழுசாத் தாங்க. அதுக்குப் பதிலா நான் வாறன். ஒவ்வொரு நாளும் வந்து, இந்தப் படலயில நிண்டு, உங்களக் கூப்பிட்டுச் சுகம் விசாரிச்சிட்டுப் போறன்."

சொல்லி முடித்ததும், முப்பது வருசப் பழக்கம், விலை முடிந்தால் கையடித்து உறுதி செய்ய நீட்டுவது போல உள்ளங்கையை நீட்டிவிட்டேன். அக்கா மறுப்பார், மாதம் ஒருமுறை என்பதற்கு இறங்கலாம், வருசம் ஒருமுறை என்று முடிக்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டபடி.

வாவி முழுக்கச் சத்தம் நின்றது. பிறகு என் உள்ளங்கையில் ஒரு கை வந்து பதிந்தது. ஈரமான, சின்னக் கை. மீன் வெட்டிப் பழகிய கையின் தழும்பு கூடத் தெரிந்தது.

முதல் விலைக்கே மற்றவர் சரி என்றால் வியாபாரி சந்தோசப்படக் கூடாது. சரக்கில் எதையோ பார்க்காமல் விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

"என்ன காக்கா, தண்ணிக்குள்ள நிக்கிறம்?" என்றார் யாக்கோப்பு அண்ணன். "இந்த இடத்தில முதல இரிக்கு. வாங்க வெளியே."

எட்டாவது படலையில் அவர் நிற்கவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்றிலும் இல்லை. ரோட்டில் போவது போலக் கதைத்துக்கொண்டே போனார். நான்தான் நின்று நின்று கை தட்டினேன், "கடந்து போறம்" என்று.

பின்னேரம் அவர் மகள் வீட்டுக் கதிரையில் இருந்தார். இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார். டினோஷா என் கையைப் பிடித்து அழுதாள். நான் பெரிய மனிதனாகி பஸ் ஏறினேன். அடுத்த நாள் பூங்காவுக்குப் போகவில்லை. ஓட்டமாவடியிலிருந்து அங்கே இரண்டு பஸ், போக மட்டும் மூன்று மணித்தியாலம். தண்ணீருக்குள் சொன்ன சொல்லுக்குச் சாட்சி யார் என்று படுத்திருந்தேன்.

மதியம் போன் வந்தது.

"அப்பா சுகம், காக்கா. நல்லாத் தின்றார், நல்லாப் படுக்கிறார். ஆனா..." டினோஷா குரலைத் தாழ்த்தினாள். "அம்மாட படத்துக்குப் பூ வச்சன். பக்கத்தில வந்து நிண்டு பாத்திட்டு, 'இது ஆரு புள்ள? உன்ட மாமியா?' எண்டு கேட்டார்."

"பகிடிக்குக் கேட்டிருப்பார்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சன். பேரச் சொன்னன். கலியாணம் கட்டின கோயிலச் சொன்னன். 'பாவம், நல்ல மனிசி போல இரிக்கு' எண்டு சொல்லிட்டு வெளியே போயிட்டார். நீங்க அங்க என்ன காக்கா கதைச்சீங்க?"

நான் முழுசாகக் கேட்டிருந்தேன். மக்டலினக்கா முழுசாகத் தந்திருந்தார். அண்ணனின் நினைவிலிருந்து தன்னையே எடுத்துவிட்டுத் தந்திருந்தார்.

சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். போகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். பேரத்தை மறுபடி திறக்க வேண்டும். கொஞ்சத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும். கலியாண நாள், ஒரு முகம், ஒரு பேர், இவ்வளவும் போதும்.

பூங்காவில் அன்று வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். ஆறு படலையிலும் கை தட்டிக் கேட்டுக்கொண்டு ஏழாவதுக்கு வந்தேன்.

"மக்டலினக்கா, மஜீட் வந்திரிக்கன்."

கொக்குகள் ஓடி வருகிறவருக்கு எழும்புவது போல எழும்பின. கடைசிக் கொக்கு விலகியது. எனக்கு முன்னால், ஒரு கை தூரத்தில், ஈரமான சேலையின் மணம் நின்றது.

வாயைத் திறந்தேன். கொஞ்சத்தைத் திருப்பித் தாங்க என்று சொல்ல வேண்டும். ஆனால் எந்தக் கொஞ்சத்தை? மனைவியை நினைக்கிற யாக்கோப்பும் தண்ணீருக்குள் இறங்குகிற யாக்கோப்பும் ஒரே ஆள். ஒரு பேரைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பேரைக் கூப்பிட்டுக்கொண்டு அவர் இங்கே வருவார். டினோஷா பெட்டியோடு வருவாள்.

எதிரில் நின்றது அசையவில்லை. தூரத்தில் இருக்கிற புருசனிடமிருந்து ஆள் வந்திருக்கிறது என்றால் ஒரு மனிசி படலையில் எப்படி நிற்பாள் என்று எனக்குத் தெரியும். முதலில் அவள் எதுவும் கேட்கமாட்டாள். வந்தவனின் முகத்தைப் பார்ப்பாள்.

"அண்ணன் சுகம் அக்கா" என்றேன். "உங்களப் பத்தித்தான் எந்த நேரமும் கதை. இண்டைக்குக் காலயிலயும் உங்கட படத்துக்கு முன்னால நிண்டு கண்ணத் துடச்சார்."

மணம் இன்னும் நின்றது. போதவில்லை.

"உங்கட கையால குடிச்ச தேத்தண்ணி போல எங்கயும் இல்லயாம்."

கொக்குகள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், படலையிலிருந்து உள்பக்கமாகத் திரும்ப இறங்கின. ஒரு மனிசி கேட்ட சேதியைச் சுமந்துகொண்டு முற்றம் தாண்டிப் போகிற வேகம் அது.

நான் வளர்ந்த தெருவில் பொய் என்பது தராசில் விரல் வைப்பது மாதிரி, எல்லோரும் வைப்போம், அடுத்த ஆள் வருமுன் மறந்துவிடுவோம். அன்று வைத்ததை மறக்க முடியாது, நாளைக்கும் வைக்க வேண்டும்.

திரும்பி வரும் பஸ்ஸில் டினோஷாவுக்குப் போன் எடுத்தேன்.

"புள்ள, அப்பா அம்மாவ வீட்டில எப்பிடிக் கூப்பிடுவார்?"

"ஏன் காக்கா?"

"சும்மா சொல்லன்."

"மக்கு எண்டு. அம்மாக்கு விருப்பமில்லாத மாதிரி நடிப்பா. இதெல்லாம் அப்பாக்குத்தான் தெரியும், எனக்கு இப்பிடி இன்னும் ரெண்டு மூணுதான் ஞாபகம் இரிக்கு."

அந்தப் பேர் நாளைக்குப் படலையில் சொல்லப் போதும். மற்ற இரண்டு மூன்றையும் இப்போது கேட்க வேண்டாம், நாளுக்கு ஒன்றாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று போனை வைத்தேன்.