கதவு நிலையில் மூன்று கோடுகள்

என் தொழில் உட்காருவது. சொன்னால் சிரிப்பார்கள். டவர் கிரேன் ஆபரேட்டர் என்றால் வானத்தில் பறக்கிறவன் என்று ஊரில் ஒரு நினைப்பு. பறப்பதாவது ஒன்றாவது! அறுபது மீட்டர் உயரத்தில், எங்கள் வீட்டுக் குளியலறை அளவுகூட இல்லாத ஒரு கண்ணாடிக் கேபினில், தினம் ஒன்பது மணி நேரம் முட்டியை மடக்கி உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவே தெரிகிற தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பதினெட்டு வருஷமாக இதே வேலைதான். மடக்கியே வைத்த கால் ஒரு நாள் நீள மாட்டேன் என்றால் அதைக் குற்றம் சொல்ல முடியுமா?

இன்னொரு கூத்தும் உண்டு. மேலே கழிவறை கிடையாது. இறங்கி ஏற முக்கால் மணி நேரம் போய்விடும். அதுவரை கீழே நூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் காலையில் இரண்டு மடக்கு தண்ணீர், சாயங்காலம் இறங்கியதும் மிச்சம். எங்கள் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான். பாட்டிலை நிரப்பி எடுத்துக்கொண்டு போவோம், அப்படியே நிரம்பியபடி இறக்கிக்கொண்டு வருவோம்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அறையில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஒரு நாள் நான் ஷூ கயிற்றைக் கட்ட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டாள். உடனே பாயில் படுக்க வைத்து என் காலை நேராகத் தூக்கினாள். பாதி உயரம்கூட வரவில்லை, நான் அலறினேன்.

"இது காலா, கட்டடத்துக் கம்பியா? பின்தொடை மொத்தமும் இறுகிக் கெடக்கு. இந்தக் காலோட தெனம் ஏணி ஏறி எறங்கறீங்களா? உங்களுக்கு என்ன, உசிரு மேல ஆசை இல்லையா?"

மூன்று வாரம் லீவு போட வைத்தாள். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே உள்ள கதவு நிலைதான் என் பள்ளிக்கூடம். வாசலில் மல்லாக்கப் படுத்து, ஒரு காலை வாசல் வழியே தரையில் நீட்டி, இன்னொரு குதிகாலை நிலையின் மேல் சாய்த்து, முட்டியை மடக்காமல் முப்பது எண்ண வேண்டும். இடுப்பை நிலைக்குப் பக்கத்தில் நகர்த்த நகர்த்த குதிகால் மேலே ஏறும். பிறகு பாதத்தில் துண்டைப் போட்டு மெல்ல இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. துடைப்பக் கட்டையை முதுகோடு சேர்த்துப் பிடித்து இடுப்பிலிருந்து குனிய வேண்டும். வீட்டில் என் மானம் போனது போதாதா!

நிலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.

"குதிகால் இங்க வந்தா, டாக்டர்கிட்ட சொல்லி ஃபிட்னஸ் சர்டிபிகேட்ல கையெழுத்து வாங்கித் தரேன். வரலன்னா மேல ஏறக்கூடாது. கீழ நின்னு வேலை பாருங்க."

கீழே நிற்கிற வேலையை என் மச்சினன் பார்க்கிறான், அவளுடைய தம்பி. வாக்கிடாக்கியில் எனக்குத் திசை சொல்கிற சிக்னல் ஆள். நல்ல பையன்தான். ஆனால் நான் போய் அவன் பக்கத்தில் நின்று கை ஆட்டுவதா? எனக்குச் சுருக்கென்றது.

தினம் நானே செய்ய வேண்டும், ஞாயிறுதோறும் அளவு. அன்றைக்கும் அவளுக்கு டியூட்டி. "நீங்களே செஞ்சு, குதிகால் வர்ற எடத்துல கோடு போட்டு வைங்க, வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். முதல் ஞாயிறு படுத்தேன். எட்டு எண்ணுவதற்குள் உயிர் போனது. எழுந்து டிவியைப் போட்டேன். பிறகு பென்சிலை எடுத்து, நின்றபடியே, குதிகால் எட்டிய இடத்தைவிட நாலு விரல் மேலே ஒரு கோடு கிழித்தேன். அடுத்த ஞாயிறு இன்னும் மூன்று விரல். சந்தேகம் வரக் கூடாது பாருங்கள், அதற்காகக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். மூன்றாம் ஞாயிறு சிவப்புக் கோட்டின் மேலேயே போட்டேன்.

சாயங்காலம் வந்தவள் அந்த மூன்று கோடுகளையும் விரலால் தடவிப் பார்த்தாள். முகம் பூரித்துப் போயிற்று.

"அட, பரவாயில்லையே! என் பேஷன்ட் யாருக்கும் மூணு வாரத்துல இவ்வளவு எளகினதில்ல. எல்லார்கிட்டயும் உங்களைத்தான் சொல்லப் போறேன்."

சொல்லவும் செய்தாளாம். எனக்கு அப்போதாவது வெட்கம் வந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை கையெழுத்து வாங்கித் தந்தாள், செவ்வாய்க்கிழமை ஏணி ஏறினேன்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணி. கேபினில் காற்று மீட்டர் கீச்சிட ஆரம்பித்தது. வாக்கிடாக்கியில் மச்சினன் குரல்.

"மாமா, காத்து ஏறுது. மழை வேற வருது. கொக்கியத் தூக்கிட்டு எறங்கிடுங்க."

கொக்கியை உயர்த்தி, கிரேனின் நீண்ட கை காற்றோடு தானாகத் திரும்பும்படி பிரேக்கை விடுவித்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். கம்பிக் கூண்டுக்குள் செங்குத்தான ஏணி. ஆறு மீட்டருக்கு ஒரு சின்ன மேடை. மூன்று மேடை தாண்டியாயிற்று. நாலாவது மேடைக்கு இரண்டு படி இருக்கும்போது இடது காலைக் கீழே நீட்டினேன். பின்தொடையில் யாரோ முறுக்கிப் பிழிந்ததுபோல் ஒரு வலி. "ஐயோ அம்மா!" என்று கத்திவிட்டேன். கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. நீட்டவும் முடியவில்லை, ஊன்றவும் முடியவில்லை. கையின் பலத்தில் தொங்கி, சறுக்கி, மேடையில் பொத்தென்று விழுந்தேன். முதல் காரியமாகப் பெல்ட் கொக்கியைக் கம்பியில் மாட்டினேன். மூன்றாம் தடவைதான் மாட்டியது.

கீழே பார்த்தேன். இன்னும் முப்பத்தாறு மீட்டர். நிமிர்ந்து பார்த்தால், தூரத்துக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக மழைக்குள் மறைந்துகொண்டிருந்தன. அவற்றின் மேல் ஒரு மின்னல் இறங்கியது. நான் உட்கார்ந்திருப்பதோ இரும்புக் கூண்டு.

"என்ன மாமா, நடுவுல தியானமா?" என்றான் மச்சினன்.

எங்கள் வாக்கிடாக்கி எல்லோருக்கும் பொது. கம்பி கட்டுகிறவர்கள், கான்கிரீட் ஆட்கள், இன்ஜினியர், அத்தனை பேர் காதிலும் விழும். சும்மா களைப்பாக இருக்கிறது என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் கால் மறுபடி இழுத்தது.

"மாப்ள, காலு புடிச்சுக்கிச்சு. எறங்க முடியல."

அவ்வளவுதான், யாரும் சிரிக்கவில்லை. இன்ஜினியர் தீயணைப்புக்குப் போன் செய்தார். வர நாற்பது நிமிஷமாம். மழை இருபது நிமிஷத்தில் வந்துவிடும். மச்சினன் தானே ஏறி வருவதாகக் கத்தினான்.

"மின்னல்ல ரெண்டு பேர் மாட்டணுமா? உங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது? நில்லுடா அங்கயே!"

அவன் நின்றான். நின்று அவளுக்குப் போன் போட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்து, வாக்கிடாக்கிக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டான்.

"என்னங்க, கேக்குதா?" அவள் குரலில் மூச்சு வாங்கியது. "எந்த எடத்துல? நடுத்தொடையா, உக்கார்ற எலும்புகிட்டயா?"

"நடுவுல."

"'டப்'புனு சத்தம் ஏதாவது வந்துச்சா?"

"இல்ல."

"நல்லவேளை. பயப்படாதீங்க, வெறும் பிடிப்புதான். எழுந்து நின்னு குதிகால ஏணிப்படியில இடுப்பு ஒசரத்துக்கு வைங்க. முட்டிய நேரா நீட்டி நல்லா முன்னால சாயுங்க. ரெண்டு தடவை செஞ்சா விட்ரும். கோட்டைத் தொட்ட கால், இதுக்குக் கண்டிப்பா வரும்."

கோட்டைத் தொட்ட கால்! இந்தக் காலை இடுப்பு உயரத்தில் வைத்து நீட்டினால் தசை கிழியும் என்று எனக்கே தெரியும். கிழிந்தால் இறங்குவது என்கிற பேச்சே இல்லை.

"வேற ஏதாவது சின்னதா சொல்லேன்."

"ஏன்? இதுதான் சீக்கிரம். மழை வருதுன்னு தம்பி அழறான், வைங்க காலை!"

இன்னொரு மின்னல். இந்தத் தடவை இடியும் சேர்ந்தே வந்தது. இப்போதும் பொய் சொன்னால் நான் மனுஷனே இல்லை.

"இந்தா பாரு. அந்தக் கோடெல்லாம் கால வெச்சுப் போட்டது இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"நின்னுகிட்டே பென்சிலால கிழிச்சேன். கால் அங்க வரவே இல்ல."

வாக்கிடாக்கியில் வெறும் இரைச்சல். கட்டடம் முழுக்க நூறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கீழே விழுந்து தொலைத்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"எத்தனை கோடு?" என்றாள்.

"மூணும்."

அவள் மூச்சை இழுத்து விடுவது கேட்டது. பிறகு வந்த குரல் எனக்குப் பழக்கமில்லாத குரல், ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலாக இருக்க வேண்டும்.

"காலைத் தூக்காதீங்க. உக்காருங்க. குதிகாலத் தரையில வைங்க, முட்டி மடங்கியே இருக்கட்டும். இப்ப முன்தொடைய மட்டும் இறுக்குங்க. முன்னால இறுகினா பின்னால விடும். அஞ்சு எண்ணி விடுங்க. மறுபடி."

செய்தேன். நாலாவது தடவையில் முடிச்சு லேசாக அசைந்தது.

"இப்ப குதிகாலத் தரையோட தேச்சு ஒரு சாண் முன்னால தள்ளுங்க. வலிச்சா நிறுத்துங்க, திரும்ப இழுங்க. அவசரப்படாதீங்க. தண்ணி இருக்கா?"

"இருக்கு."

"எவ்வளவு?"

"முழு பாட்டில்."

"காலையிலேருந்து குடிக்கவே இல்லையா? கடவுளே! மொத்தத்தையும் குடிங்க."

"குடிச்சா ஒண்ணுக்கு வருமே," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது, பழக்கதோஷம்.

"யோவ், குடிய்யா!" என்று இன்ஜினியரே கத்தினார்.

குடித்தேன். குதிகாலைத் தள்ளினேன், இழுத்தேன். பத்து நிமிஷத்தில் கால் முக்கால்வாசி நீண்டது. அதற்கு மேல் வேண்டாம் என்றாள். மழையின் வாசனை வந்துவிட்டது.

"வலிக்கிற கால்தான் முதல்ல எறங்கணும். நல்ல கால் மடங்கி எறக்கி விடட்டும். ஒரு படியில ரெண்டு காலும் சேர்ந்தப்புறம்தான் அடுத்த படி. நான் எண்ணுறேன். ஒண்ணு."

நூற்றிருபது படி. ஒவ்வொரு படியிலும் நின்று, கழுத்தில் தொங்கிய வாக்கிடாக்கியை அழுத்தி மூச்சு வாங்கினேன், அதைக் கேட்டு அவள் எண்ணினாள். நாற்பதில் ஒரு தடவை இழுத்தது. நிறுத்தி, முன்தொடையை இறுக்கி, மூச்சு விடச் சொன்னாள். எழுபதில் காற்று கூண்டையே ஆட்டியது. எண்பதில் அவள் குரல் கம்மியது, ஆனால் எண் தப்பவில்லை. நூற்றுப் பத்தில் மழை கொட்டியது. மச்சினன் இடுப்பைப் பிடித்து இறக்கினான். கட்டிப்பிடித்து அழுதான், அழுதுகொண்டே திட்டினான்.

"நூத்தி இருபது. எறங்கிட்டாரா?" என்றது போன்.

"எறங்கிட்டாருக்கா."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

வீட்டில் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சோறு போட்டாள், தண்ணீர்ச் செம்பை என் முன்னால் வைத்தாள், குடிக்கும்வரை நின்றாள்.

"டாக்டர் தயங்கினாரு. நான்தான் சொன்னேன், என் கண்ணால கோட்டைப் பார்த்தேன், போடுங்கன்னு," என்றாள். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் டாக்டரிடம் போய் உள்ளதைச் சொல்லி, ஃபிட்னஸ் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். நானும் சூப்பர்வைசரிடம் போய் கீழ் வேலை கேட்டேன். மச்சினன் பக்கத்தில்தான் இப்போது நிற்கிறேன்.

மூன்று நாள் காலுக்குப் பயிற்சி எதுவும் செய்ய விடவில்லை. நாலாம் நாள் அவளே வாசலில் பாயை விரித்தாள். என் மூன்று கோடுகளையும் ரப்பரால் அழித்தாள். படுத்தேன். குதிகாலை நிலையில் வைத்து, முட்டியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தாள்.

"மூச்சு விடுங்க. முப்பது எண்ணுங்க."

எண்ணினேன். சிவப்புக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது என் குதிகால். அவள் பென்சிலை எடுத்தாள். பன்னிரண்டு வருஷமாக எத்தனையோ பேர் காலைப் பிடித்த கை அது. பென்சில் மரத்தில் பட்டதும் நடுங்க ஆரம்பித்தது. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. "நூத்திப் பத்துல மழை சத்தம் கேட்டுச்சு. அப்புறம் உங்க மூச்சு கேக்கல. நான் பாட்டுக்கு எண்ணிக்கிட்டே இருந்தேன்," என்றாள். கோடு நெளிந்து நெளிந்து வந்தது.

அதற்கு மேல் இப்போது ஐந்து கோடுகள் இருக்கின்றன. ஐந்தும் என் குதிகாலை வைத்து, அவள் போட்டவை. சிவப்புக் கோட்டுக்கு இன்னும் இரண்டு விரல் பாக்கி.