மாமா படத்துக்குள் வந்த காலை

மாமா கேமரா வாங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் எந்த வேலையும் ஒரே தடவையில் முடிவதில்லை.

மாமா என்றால் அக்காவின் கணவர். இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடும் நான் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். மாமாவுக்கு மதியம் இரண்டு மணிக்கு வேலை. காலை முழுக்கக் கலைக்கு. ஏதோ புகைப்படக் குழுவில் சேர்ந்திருந்தார். அன்றாடத்தைப் புதுக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்களாம். மாமாவும் பார்த்தார். பதினான்கு வருடமாகக் கண்ணில் படாத அழுக்குப் பாத்திரங்கள் இப்போது பட்டன. "என்னா டெக்ஸ்சர்" என்றார். கழுவ வேண்டும் என்பது மட்டும் இன்னும் படவில்லை.

சமையலறைக் குழாய் ஒழுகியது. சரிசெய்ய ஆள் கூப்பிடக் கூடாது என்றார். சொட்டு அழகாக விழுகிறதாம்.

எனக்கும் ஒரு பதவி கிடைத்தது. வெள்ளித்தாள் ஒட்டிய தெர்மோகோல் அட்டையைத் தூக்கிப் பிடித்து, சன்னல் வெளிச்சத்தை அக்காவின் முகத்தில் திருப்பிவிட வேண்டும். மூன்று வருடம் படித்த ஒளியியல் கடைசியில் இதற்கு உதவியது.

அக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஆறு நாற்பது பஸ்ஸை விட்டால் அவ்வளவுதான். வெறும் வயிற்றோடு வந்து காத்திருப்பவர்களிடம் கலையைப் பற்றிப் பேச முடியாது. அந்த மாதம் அவள் இரண்டு தடவை தாமதம். முதல் தடவை, டீயில் ஆவி சரியாக எழவில்லை என்று மாமா இன்னொரு முறை கொதிக்க வைக்கச் சொன்னார். இரண்டாம் தடவை, அவள் வியர்வையைத் துடைத்துவிட்டாள் என்று இஸ்திரிக்கு வைத்திருந்த ஸ்பிரேயை எடுத்து அவள் நெற்றியில் அடித்தார்.

"மூணாவது தடவை லேட்டானா காலைப் பிரிவுப் பொறுப்பு உனக்கு இல்ல" என்று மேலாளர் சொல்லியிருந்தார். ஆறு வருடமாக அக்கா எதிர்பார்த்திருந்த பொறுப்பு. வெள்ளிக்கிழமை மாலை முடிவு.

வியாழக்கிழமை இரவு மாமா தன் பன்னிரண்டு படங்களை என்னிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார். தலைப்பு, 'அவளுடைய காலை'. ஒவ்வொன்றாகத் திரையில் பார்த்தேன். அடுப்பு மேடையின் விளிம்பு எல்லாவற்றிலும் ஒரே சாய்வில் இருந்தது. கோடு போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டும் ஒரே இடத்திலிருந்து எடுத்தவை. தரையிலிருந்து மூன்றடி உயரம், பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து எட்டடி தூரம். மாமாவின் நாற்காலி.

இன்னொன்றும் தெரிந்தது. சாப்பிடும் படம் நான்கு இருந்தது. நான்கிலும் அக்கா நின்றுகொண்டுதான் சாப்பிட்டாள். இடது மணிக்கட்டில் வலிக்குச் சுற்றும் துணி. தினமும் அதே அறையில்தான் நான் இருக்கிறேன். அட்டைக்குப் பின்னால் இருந்தேன், அதனால் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு இருபத்தைந்து. அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படியே நில்லு. அந்தத் தட்ட இன்னொரு தடவ கழுவு."

"அது கழுவினதுங்க."

"கழுவினது படத்துல தெரியாதும்மா. கழுவுறதுதான் தெரியும். விஞ்ஞானி, அட்டையத் தூக்கு."

விஞ்ஞானி நான்தான். அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்தாள்.

தொலைபேசியில் பேசுவதற்கு முன்பு கூட, பேச வேண்டியதைத் தாளில் எழுதிப் பார்ப்பவள் நான். எதையும் எழுதாமல் சொன்னேன்.

"மாமா, பன்னண்டு படமும் நாற்காலியில உக்காந்தே எடுத்தது."

அக்கா திரும்பினாள். மாமாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவருக்கு வந்தது தொழில்நுட்பக் கவலை.

"தெரியுதா என்ன?"

"குழுவுல கண்டுபிடிச்சிடுவாங்க."

"அய்யய்யோ. இப்ப என்ன பண்றது?"

"நீங்க படத்துக்குள்ள வாங்க. பதிமூணாவது படத்துல நீங்க கழுவுறீங்க. யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க."

இது உண்மை. மாமா உள்ளே போய்த் தலை சீவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். அக்கா பையை எடுத்தாள்.

"ஏய், நீ எங்க கிளம்பிட்ட? நீ ஃப்ரேம்ல வேணாமா?"

"நீங்க இருந்தா போதுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

நான் கேமராவை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். வசதியான நாற்காலி. இங்கிருந்து பார்த்தால் யார் உழைப்பும் அழகாகத்தான் தெரியும்.

"நுரை பத்தல மாமா. இன்னொரு தடவ."

"இப்ப?"

"முதுகு நேரா இருக்கு. வேல செய்யுற மாதிரி இல்ல."

அடிப்பிடித்த குக்கரைக் கொடுத்தேன், டெக்ஸ்சர் வேண்டுமே. நெற்றியில் ஸ்பிரே அடித்தேன். ஏழேகாலுக்கு, "இடுப்பு விட்டுப்போச்சு விஞ்ஞானி" என்றார்.

"அந்த முகத்த அப்படியே வச்சுக்குங்க மாமா."

பத்து மணிக்குள் தொட்டி காலியாகிவிட்டது. மாமா மதியம் கிளம்புவதற்கு முன் பதிமூன்று படங்களையும் குழுவில் போட்டார். அன்று சீக்கிரம் வேலை முடிந்து அவர் திரும்பியபோது பதிமூன்றாவதற்கு மட்டும் ஐந்நூற்றுப் பன்னிரண்டு இதயங்கள் வந்திருந்தன. அக்காவின் பன்னிரண்டு படங்களுக்கும் சேர்த்தே இருநூறைத் தாண்டவில்லை.

அக்கா செருப்பைக் கழற்றும்போதே போனை நீட்டினார். அவள் உரக்கப் படித்தாள்.

"'கொடுத்து வச்ச மனைவி.' 'இப்படி ஒரு மனுஷனா.' 'கண்ணு கலங்கிடுச்சு சார்.'" போனைத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்குந்தான் கலங்குது."

"எல்லாம் உனக்காகத்தாம்மா."

"பொறுப்பு குடுத்துட்டாங்க" என்றாள் அக்கா. "திங்கக்கிழமையிலேருந்து ஆறரைக்கே போகணும்."

மாமா முகம் மாறியது. "அப்ப நீ ஆறு மணிக்கே கிளம்பிடுவியா? அந்நேரம் வெளிச்சமே வராதே."

"நான் போனப்புறம் வருமில்ல."

மாமா போனைப் பார்த்தார். போனில் இன்னும் இதயங்கள் வந்துகொண்டிருந்தன. ஐந்நூற்று நாற்பது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அடுத்து எத எடுக்கலாம் விஞ்ஞானி?"

"குளியலறையிலேருந்து ஆரம்பிக்கலாம் மாமா."