வைக்கோல் நிறத்து மகள்

என் மகள் செவ்வாய்க்கிழமை காலை முட்டையிலிருந்து வெளியே வந்தாள். எங்கள் காலனியில் எல்லோரும் காடைகள் என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

எனக்குக் கரும்பழுப்பு இறகு, அதில் கறுப்பு வரிகள். கணவர் சென்னியப்பன் வைக்கோல் நிறம். மகளும் வைக்கோல் நிறம்.

குழந்தை யாருடைய நிறமோ அவருடைய அறையில்தான் வளர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். என் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவே ஒரு நடை உண்டு. கல்யாணமான புதிதில் ஒரு தம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் அங்கே கொண்டுபோய்விடுவேன். மகள் வந்ததிலிருந்து அது நீண்டுகொண்டே இருக்கிறது. இப்போது அதில் பேருந்து ஓடுகிறது.

நிறம் பார்ப்பவர் வருகிற அன்று சென்னியப்பன் முதல் பேருந்தில் வந்து இறங்கினார். உடம்பு முழுக்கக் கரும்பழுப்பாக இருந்தார்.

"என்னங்க இது?"

"காப்பி டிகாசன். அண்டாவுல ஊறுனேன். நான் கறுப்பா இருந்தா, புள்ள என்ற நெறமில்லைன்னு உட்டுருவாங்கல்ல?"

"என்ற நெறமும் இல்லியே."

அவர் யோசித்தார். சொட்டிக்கொண்டே யோசித்தார்.

"அத நான் நெனைக்கவே இல்ல அம்மிணி."

எனக்குக் கோபம் வரவில்லை. துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

நிறம் பார்ப்பவர் பெயர் காளியண்ணன். நிறத்துக்கு ஒன்றாகத் துணித்துண்டுகளை வளையத்தில் கோத்துக் கொண்டுவந்திருந்தார். முதலில் சென்னியப்பனின் இறகை ஊதி விலக்கினார்.

"அடியில வைக்கோலுங்க." முகர்ந்தார். "நல்ல காப்பிங்க."

பிறகு மகளைப் பார்த்தார். ஒரு துணித்துண்டுதான் வைத்துப் பார்த்தார்.

"அப்பனோட நெறமுங்க. அம்மிணியோடது ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமே இல்லீங்களா? முட்டை போட்டது நானுங்க."

"பையனா இருந்தா உங்க நெறம் வந்திருக்குமுங்க. நானே எங்கம்மா நெறந்தான், பாருங்க." இறக்கையைத் தூக்கி வரிகளைக் காட்டினார். "இந்த வைக்கோல் நெறம் இருக்குதே, அது அப்பன்கிட்ட இருந்து நேராப் பொண்ணுக்கு வந்துரும். அதத் தடுக்க அம்மாவால ஆகாதுங்க."

"அப்ப நான் என்னதாங்க குடுத்தேன்?"

"பொண்ணுங்கறதக் குடுத்தீங்க. காடையில அது அம்மாகிட்ட இருந்துதான் வரும். ஆனா அதுக்கு நெறமில்லீங்களே."

நான் எனக்குள் தேடிப் பார்த்தேன். இத்தனை காலம் நிறமில்லாத ஒன்று எங்கே இருந்திருக்கும்? என் அம்மாவின் சாயல் என்னிடம் துளியும் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பியிருந்தேன். அவளும் இதைத்தான் எனக்குத் தந்திருக்கிறாள். இரண்டு பேருக்குமே அது தெரியவில்லை.

நடையில் பேருந்து ஹாரன் அடித்தது. "வைக்கோல் ரூமு, வைக்கோல் ரூமு" என்று கண்டக்டர் கூவினார்.

மகள் குளிரில் நடுங்கினாள். வலது இறக்கையைத் தூக்கி உள்ளே விட்டுக்கொண்டேன். அவள் விலாவோடு ஒட்டிக்கொண்டு ஒரு முறை கீச்சிட்டாள்.

காளியண்ணன் துணித்துண்டோடு குனிந்து பார்த்தார்.

"உள்ள இருட்டா இருக்குதுங்க."

"ஆமாங்க."

"நெறந் தெரியலீங்க."

"தெரியாட்டி?"

"தெரியாட்டி அம்மாகிட்டத்தான் இருக்கோணும். வெளிய எடுக்கற வரைக்கும்."

"நான் எடுக்க மாட்டனுங்க."

"எடுக்காதீங்க" என்றார் அவர். வளையத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சென்னியப்பன் துண்டைப் பிழிந்துகொண்டு நின்றார்.

"ஏம்புள்ள, அந்தப் பக்கம் காலியாத்தான இருக்குது?"

இடது இறக்கையைத் தூக்கினேன். ஈரத்தோடு புகுந்துகொண்டார். காப்பி மணந்தது. காளியண்ணன் அங்கேயும் எட்டிப் பார்த்துவிட்டு, "இவுரும் தெரியலீங்க" என்றார்.

யாரும் ஏறாததால் கண்டக்டர் விசில் கொடுத்தார். பேருந்தைத் திருப்ப நடையில் இடம் போதவில்லை. அது பின்பக்கமாகவே போனது.