தானாக வந்தவள்

தேவசேனாவுக்கு அறுபத்திரண்டு வயசு. திருச்சானூரில் ஒரு லாட்ஜில் பெட்ஷீட், தலையணை உறை எல்லாம் துவைத்துப் போடுகிற வேலை. முட்டி மடங்க மறுத்த பிறகுதான் அவளுக்கு முதியோர் பென்ஷன் நினைப்பே வந்தது. ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் இருந்த வார்டு ஆபீஸான சச்சிவாலயத்துக்குப் போனாள்.

அங்கே பென்ஷன் வேலை பார்க்கிற பெண் கீர்த்தி. வயசானவர்கள் வந்தால் நாற்காலியை இழுத்துப் போடுகிற பெண். ஆதார் எண்ணைத் தட்டிப் பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"பெத்தம்மா, உங்க பேரு நகரியில ஒரு ரைஸ் கார்டுல இருக்குது. நாகபூஷணம்னா யாரு?"

"எங்கூட்டுக்காரரு."

"காலமாயிட்டாரா?"

"அவருக்கு இன்னா, குத்துக்கல்லு மாதிரி இருக்காரு. நான்தான் அங்க இல்ல. வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆவுது."

"அந்தக் கார்டுல அவருக்குப் பென்ஷன் வந்துக்கினு இருக்குது. ஒரு கார்டுக்கு ஒண்ணுதான் குடுப்பாங்க. உங்க பேருக்கும் சேர்த்து அரிசி வேற வாங்கிக்கினு இருக்காரு."

தேவசேனாவுக்கு முகம் சிவந்தது. கீர்த்தி குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு பண்ணலாம் பெத்தம்மா. புருஷன் என்னைத் தள்ளி வச்சுட்டாருன்னு ஒரு அர்ஜி எழுதிக் குடுங்க. பேரைப் பிரிச்சுடலாம்."

"அவரு எங்க தள்ளி வச்சாரு? நான் இல்ல விட்டுட்டு வந்தேன்?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"உனக்கு ஒண்ணு. எனக்கு இல்லம்மா."

உண்மையில் அது ஒன்றில்லைதான். நகரியில் வீட்டோடு இரண்டு பவர்லூம் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான் நாகபூஷணம். கை நீட்டுவது அவனுக்குப் பழக்கம். ஒருநாள் அவள் அண்ணன் விருந்துக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே, குழம்பில் உப்பில்லை என்று அவளை ஓங்கி அறைந்தான். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, இலையில் இருந்ததை மிச்சமில்லாமல் தின்று முடித்துவிட்டுக் கை கழுவினான். அடியைவிட அதுதான் அவளுக்கு ஆறவில்லை. மறுநாள் காலை, தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "நான் போறேன்" என்று புருஷன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். அவன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே ஓடி வந்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இறங்குடி, வூட்டுக்குப் போலாம்" என்று கெஞ்சினான். திருப்பதி பஸ் நகர்ந்துவிட்டது. அப்புறம் தெருவில் போய், "நான்தான் தொரத்தினேன்" என்று சொல்லிக்கொண்டான். சொன்னால் சொல்லட்டும் என்று இத்தனை வருஷம் அவளும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அதையே தன் வாயால் சொல்லி, தன் கைநாட்டும் வைப்பதா?

"அப்போ அவரு கையெழுத்தாவது வாங்கிக்கினு வாங்க, பிரிஞ்சு இருக்கோம்னு" என்றாள் கீர்த்தி.

கீர்த்தி எழுதிக் கொடுத்த காகிதத்தோடு ஞாயிற்றுக்கிழமை நகரிக்குப் பஸ் ஏறினாள் தேவசேனா. தறிகளுக்கு லீவு. தெருவே வாசலில்தான் இருந்தது. நாகபூஷணம் தடிக் கண்ணாடிக்குள்ளிருந்து அவளை ஏற இறங்கப் பார்த்தான். காகிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தான். அக்கம்பக்கம் காது கொடுத்துக்கொண்டிருப்பது தெரிந்ததும் குரல் தடித்தது.

"இப்படி எழுதினா ஆவாது. நடத்தை சரியில்ல, நான்தான் தொரத்திட்டேன்னு எழுதிக்கினு வா. போடறேன்."

அவள் அவனை ஒருநாளும் 'நீ' என்று சொன்னதில்லை. அன்று தானாக வந்துவிட்டது.

"நீ தொரத்தினியா? பஸ் ஜன்னலைப் புடிச்சுக்கினு அழுதது யாரு? சரி, தொரத்தினே. தொரத்தினவ பேரை அடிக்காம, அவ பங்கு அரிசியை மாசாமாசம் வாங்கித் துன்னுக்கினு இருக்கியே, அது இன்னா நடத்தை?"

எதிர்வீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் கையிலிருந்த காகிதத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு அவள் நடையைக் கட்டினாள். தெருமுனை திரும்பினாள். அழுகை வரவில்லை, பசிதான் வந்தது. பஸ் ஸ்டாண்டில் நாலு இட்லி வாங்கி நிதானமாகத் தின்றாள்.

அவள் குடியிருந்தது அலர்மேல் மாமி வீட்டின் பின்கட்டு அறையில். மாமியின் ஆத்துக்காரர் கோயில் கைங்கரியத்தில் இருந்து காலமானவர். விஷயத்தைக் கேட்ட மாமி, "அசடே! எவனோ எதையோ எழுதிட்டுப் போறான். பணம் வந்தா சரிதானே?" என்றாள்.

"வேணாம் மாமி. அவரு குடுத்த பேரோட வர்ற பணத்துல சோறு இறங்காது."

மாமி சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். "சரி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்கறாளாம். நானும் வரேன், கிளம்பு" என்றாள்.

திருப்பதி கலெக்டர் ஆபீஸில் அன்று நிற்க இடமில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி தெலுங்கில் கேட்டார். பேச்சில் கடுப்பில்லை, களைப்புதான்.

"கணவர் கைவிட்டார்னு போட்டா சுலபமா முடிஞ்சுடும்மா. ஏன் பிடிவாதம் பிடிக்கறீங்க?"

"நேனே வதிலேசினானு சார்" என்றாள் தேவசேனா, அவருக்கு நன்றாக விளங்கட்டும் என்று அவர் பாஷையிலேயே. நான்தான் விட்டேன். "வயசாயிடுச்சு, அதுக்குக் குடுங்கன்னு கேக்க வந்தேன். என்னைப் பாவம்னு எழுதிக்கச் சொல்லி வரல. என் பேருல ஒரு கார்டு போடுங்க. அதுல நான் ஒருத்திதான்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

"இத்தனை வருஷமா தனியாத்தான் இருக்கீங்கன்னு யாரு சொல்லுவா?"

"நான் சொல்றேன்" என்று மாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "எங்காத்துலதான் இருக்கா. ஒருத்தர் தயவுல ஒருநாள் இருந்ததில்லை. வேணும்னா எங்க தெருவுக்கு வந்து கேட்டுப் பாருங்கோ, லாட்ஜ்லயும் கேட்டுப் பாருங்கோ."

அதிகாரி மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேரில் விசாரித்துப் பெயரைப் பிரிக்க வேண்டியது என்று அர்த்தமாம். ஆபீஸிலிருந்து ஒரு ஆள் வந்து தெருவில் விசாரித்துவிட்டுப் போனார். ஒருநாள் கீர்த்தி கூப்பிட்டனுப்பினாள்.

"கார்டு பிரிஞ்சுடுச்சு பெத்தம்மா. குடும்பத் தலைவர்ங்கற இடத்துல உங்க பேருதான். பென்ஷனுக்கும் போட்டுட்டேன்."

"பிரிஞ்சதுக்குக் காரணம் இன்னான்னு போட்டே?"

"தனியா வசிக்கறாங்கன்னு."

"யாரு பிரிஞ்சு வந்ததுன்னு?"

"அதுக்கு அதுல இடம் இல்லையே."

"குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்குமே?"

கீர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி தானாகவே விலகி வந்தவர் என்று தெலுங்கில் அடித்து, உரக்க வாசித்தும் காட்டினாள். தேவசேனா இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

பென்ஷன் உடனே வந்துவிடவில்லை. புதுசாக யாருக்கும் கொடுப்பதில்லை என்று இழுத்தடித்தார்கள். அவளும் மாசம் தவறாமல் போய் கீர்த்தி மேஜை முன்னால் உட்கார்ந்தாள். கடைசியில் ஒரு முதல் தேதிக் காலையில் கீர்த்தியே பின்கட்டுக்கு வந்து, அடையாளத்துக்கு முகத்தைப் படம் பிடித்துக்கொண்டு பணத்தைக் கையில் கொடுத்தாள்.

சேதி லாட்ஜ் மேனேஜர் காதுக்கும் போயிருந்தது. "அரசாங்கமே குடுக்குதே தேவசேனம்மா, இனிமே சம்பளத்தைக் கொஞ்சம் கொறைச்சுக்கலாமா?" என்றான் பல்லைக் காட்டிக்கொண்டு.

"அது என் வயசுக்குக் குடுக்கறது. நீ குடுக்கறது உன் அழுக்குத் துணிக்கு. கொறைக்கறதுன்னா துணியைக் கொறை."

மேனேஜர் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அன்றைக்கு மொட்டைமாடியில் நல்ல வெயில். ஈரப் பெட்ஷீட்டுகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் விரித்துக்கொண்டே போனாள் தேவசேனா.